எட்டு ஒலிவாங்கிகள், ஒரு கச்சேரி

சென்ற மார்கழியில் மயிலாப்பூர்ச் சபை ஒன்றில் வாய்ப்பாட்டுக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பாட்டும், வயலினும், மிருதங்கமும், கடமும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஜமக்காளம் விரித்தாற்போல் பரவிக் கிடந்த தம்புராவும் தனித்தனியே தெளிவாகக் கேட்டன. பக்கத்தில் இருந்த என் தமக்கை மகன் தன் கைப்பேசியை நெஞ்சுக்கு நேரே நிறுத்திப் பத்து நிமிஷம் படம் பிடித்தான். முழங்கால் வலியினால் வர இயலாமல் போன தமக்கைக்கு இரவு அதைப் போட்டுக் காட்டியபோது, "என்னடா இது, கிணற்றுக்குள்ளே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறதே!" என்றாள். அதே கச்சேரியைச் சபையார் நேரலையாக இணையத்தில் அனுப்பியிருந்ததை அவள் வீட்டில் இருந்தபடியே கேட்டிருந்தாள். அதில் கிணறும் இல்லை, குளமும் இல்லை.

என் காதுக்கும் அந்தக் கைப்பேசிக்கும் இடையே மூன்று சாண் தூரங்கூட இராது. இருவரும் கேட்டது ஒரே காற்றைத்தான். அப்படியிருக்க, எனக்குத் தெளிவாகக் கேட்டது அதற்கு ஏன் குழம்பிப் போயிற்று என்பதும், கைப்பேசியால் ஆகாத காரியத்தைச் சபையாரின் யந்திரங்கள் எப்படிச் செய்தன என்பதும் இரண்டு நாள் மனத்தில் உழன்றுகொண்டிருந்தன. அடுத்த வாரம் அதே சபையில், கடைசி வரிசைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒலியமைப்பாளரிடம் அனுமதி பெற்று, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அங்கே கண்டதைச் சொல்லுமுன் காற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செவிப்பறை ஒரு சிறு தோல். ஒரு கணத்தில் அது ஒரு நிலையில்தான் இருக்க முடியும். பாடுபவரின் குரல் அதை உள்ளே தள்ளுகின்ற அதே கணத்தில் வயலினின் நாதம் அதை வெளியே இழுக்குமானால், இரண்டும் கழிந்து மிஞ்சியது எதுவோ அதற்கேற்பவே அது அசையும். ஒரு கடையில் ஐந்து கணக்குப்பிள்ளைகள் வரவையும் செலவையும் எழுதிக்கொண்டே இருக்க, முதலாளிக்கு நிலுவைத் தொகை ஒன்றை மட்டுமே சொல்லி அனுப்பினால் எப்படியோ அப்படி, ஐந்து வாத்தியங்களின் சப்தமும் கணத்துக்குக் கணம் ஒரே ஓர் அழுத்த நிலுவையாகவே நம் காதுக்கு வந்து சேர்கிறது. இதை அலைகளின் மேற்பொருந்தல் என்பார்கள். ஆகவே சப்தங்களைச் 'சேர்ப்பது' என்ற காரியம் காற்றே கூலியில்லாமல் செய்துவிடுகிற காரியம்; அதற்கு ஒரு மேஜையும், அதன்மேல் முப்பது நாற்பது குமிழ்களும், அவற்றைத் திருப்ப ஒரு மனிதரும் தேவையே இல்லை. கலவை என்பது கூட்டல்தான் என்று எண்ணியிருந்த எனக்கு அன்று மாலை கிடைத்த முதல் பாடம், அந்த மனிதரின் வேலையில் பெரும்பகுதி கூட்டல் அன்று, விலக்கல் என்பதுதான்.

ஒரே நிலுவைத் தொகையிலிருந்து ஐந்து கணக்குகளையும் மனிதக் காது மீட்டெடுப்பது எவ்வாறு? 1953-ஆம் வருஷத்தில் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே மனிதர் பேசிய இரண்டு வெவ்வேறு பேச்சுக்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து போட்டபோது, கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, கண்ணை மூடி முயன்று, மிகுந்த பிரயாசையின் பேரில்தான் ஒன்றைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவற்றையே வலக்காதுக்கு ஒன்றும் இடக்காதுக்கு ஒன்றுமாகப் போட்டபோதோ, வேண்டியதைக் கேட்டு வேண்டாததைத் தள்ளுவதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. தள்ளிய காதில் பேச்சு நடுவிலே ஜெர்மன் பாஷைக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. இரண்டு காதுகள் இருப்பது அலங்காரத்துக்காக அன்று என்பது இதனால் விளங்கும். இதற்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே, 1881-இல் பாரிஸ் மின்சாரப் பொருட்காட்சியில், கிளமான் அடேர் என்பவர் ஆப்பரா மேடையின் விளிம்பில் பேச்சனுப்பிகளை வரிசையாக வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே பாட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ரசிகருக்கும் காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்பான்களைக் கொடுத்தார். பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பதைக் காதாலேயே உணர்ந்து ஜனங்கள் வியந்தார்கள். அடேர் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முடிச்சுப் போடவில்லை. சேர்க்கிற வேலையைக் கேட்பவர் மூளைக்கே விட்டுவிட்டார்.

கிணற்றின் ரகசியமும் இதை ஒட்டியதுதான். மண்டபத்தில் பாடகரின் குரல் நேராக நமக்கு வருவதோடு, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய நகல்களும் பின்னாலேயே வருகின்றன. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர், 1949-இல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் சமர்ப்பித்த ஆராய்ச்சியில், சுவர்களின் தொந்தரவு இல்லாமல் இருப்பதற்காகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, ஒரே பேச்சை ஒன்றிலிருந்து சற்றுப் பிந்தி வரச் செய்தார். பிந்துவது விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்குக்குள், அதாவது முப்பது மில்லிவிநாடிக்குள் இருந்தால், கேட்பவர் இரண்டாவதைத் தனியாகக் கேட்பதே இல்லை. பிந்தியது முந்தியதைவிடச் சற்று உரத்திருந்தாலுங்கூட, முதலில் வந்த திசையிலிருந்தே பேச்சு முழுவதும் வருவதாக எண்ணுகிறார். இதை முந்துமை விளைவு என்று சொல்லலாம். இந்தச் சலுகையை மூளை நமக்குச் செய்வதில் இரண்டு காதுகளுக்கும் பங்கு உண்டு. சந்தேகம் உள்ளவர்கள், சாமான் இல்லாத வெறும் அறையில் ஒருவரைப் பேசச் சொல்லி, ஒரு காதை விரலால் அடைத்துப் பார்க்கலாம். அறை திடீரென்று முழங்கத் தொடங்கும். ஏழாவது வரிசையில் இருந்த கைப்பேசியோ குரலையும் அதன் நூறு நகல்களையும் ஒரே துவாரத்தின் வழியே உள்வாங்கி, வீட்டில் ஒரே துவாரத்தின் வழியே உமிழ்ந்தது. திசை என்ற சாட்சியத்தை இழந்துவிட்ட தமக்கையின் மூளைக்கு, நகல் எது, மூலம் எது என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

பரிகாரம் சுலபமாகத் தோன்றுகிறது: ஒலிவாங்கியை வாயின் அருகே கொண்டுபோய்விட்டால், நேர்க்குரல் பெரிதாகி, நகல்கள் ஒப்புக்குச் சிறுத்துவிடும். ஐந்து வாத்தியம் இருந்தால் ஐந்து ஒலிவாங்கி. அன்றைய மேடையில் பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, இடப்புறத் தொப்பிக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று என்று ஆறும், ரசிகர்களின் பக்கம் திரும்பியபடி மேடையின் இருபுறத்தும் இரண்டுமாக எட்டு மைக்குகள் இருந்தன. மேஜையின் ஒவ்வொரு நெம்புகோலின் கீழும் வெள்ளை ஒட்டுத்தாளில் 'பாட்டு', 'வய', 'மிரு வ', 'மிரு தொ' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு விஷயத்தைத் தீர்த்தோம் என்று நினைக்கிற இடத்தில்தான் அடுத்த வியாஜ்யம் பிறக்கிறது. மிருதங்கத்துக்கென்று வைத்த மைக்கு மிருதங்கத்தை மட்டும் கேட்பதாகச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. பாடுபவரின் குரல் அதற்குள்ளும் போய்விழுகிறது, சற்றுப் பிந்தி.

எவ்வளவு பிந்தி? நம் ஊர் வெப்பத்தில் சப்தம் ஒரு மில்லிவிநாடியில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்குச் சற்று அதிகமாக, நகர்கிறது. இந்த அற்பத் தாமதம் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஊஞ்சலை ஆட்டும் இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் ஒருங்கே தள்ளினால் ஊஞ்சல் கூரையைத் தொடும். ஒருவர் சரியாக அரை ஆட்டம் பிந்தித் தள்ளினால், முதல்வர் கொடுத்த வேகத்தை இரண்டாமவர் பிடுங்கிக்கொள்வார், ஊஞ்சல் நின்றுவிடும். விநாடிக்கு 500 முறை அதிரும் ஸ்வரத்துக்கு ஒரு மில்லிவிநாடி என்பது சரியாக அரை ஆட்டம். ஆகவே ஒரே குரல் இரண்டு மைக்குகளில், சம பலத்தோடு, ஒரு மில்லிவிநாடி வித்தியாசத்தில் புகுந்து மேஜையில் சேருமானால், 500 அதிர்வெண்ணில் குரல் அடியோடு மறையும், 1000-இல் முழு ஆட்டமாகி இரட்டிக்கும், 1500-இல் மறையும், 2500-இல் மறையும். படம் வரைந்து பார்த்தால் வரிசையாகப் பல் விழுந்தாற்போல் இருப்பதால் இதைச் சீப்பு விளைவு என்பார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்மணி மேல்ஸ்தாயி அந்தர காந்தாரத்தைத் தொடும்போது அந்த ஸ்வரம் 490-க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதிலே கமகம் கொடுத்து அசைத்தாரானால் நாதம் பள்ளத்தில் விழுவதும் ஏறுவதுமாக இருக்கும். அதோடு போகாமல், அவர் தலையை ஒரு சாண் திருப்பினாலே தூரங்கள் மாறி, பள்ளங்கள் இடம் பெயர்கின்றன. குரலுக்கு ஏதோ ஜலதோஷம் என்று வீட்டில் இருப்பவர் நினைப்பார். பாடகியின் தொண்டைமீது பழி விழும்.

இதனால்தான் ஒலியமைப்பாளர்களிடையே, ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்கு தூரமாவது அடுத்த மைக்கு தள்ளியிருக்க வேண்டும் என்ற வழக்கு இருக்கிறது. மூன்று மடங்கு தூரத்தில் சப்தத்தின் வலிமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது மனிதர் குழந்தைக் கையால் ஊஞ்சலைத் தொட்டால் ஊஞ்சல் நின்றா விடும்? ஆனால் கர்நாடக சங்கீத மேடையிலே வித்துவான்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெருங்கி உட்காருவது சம்பிரதாயம். அதை விதிக்காகக் கலைப்பது என் அபிப்பிராயத்தில் பாவம். மைக்கைத்தான் வாத்தியத்தை நோக்கி இன்னும் நெருக்க வேண்டும்.

மிருதங்கத்தின் விஷயம் வேறு. வலந்தலையை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று நெருக்குண்டு தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஆகவே தாழ்ந்த நாதத்தைப் பொறுத்தமட்டில் வலது மைக்கு பின்வாங்கும் காற்றைக் கேட்கிறபோது இடது மைக்கு முன்வரும் காற்றைக் கேட்கிறது. வரவும் செலவும் சமமாகி நிலுவை சூன்யத்தை நோக்கிப் போகிறது. கச்சேரிக்கு முன் மிருதங்க வித்துவான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒலியமைப்பாளர் எனக்குக் காதுபூட்டியைக் கொடுத்து, "கேளுங்க சார்" என்று சொல்லி, 'மிரு தொ' நெம்புகோலுக்கு மேலே, வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்த சிறு பொத்தானை அழுத்தினார். அதுவரை தகர டப்பாவைத் தட்டினாற்போல் இருந்த மிருதங்கத்துக்கு அடிவயிறு வந்துவிட்டது. அந்தப் பொத்தான் செய்தது இவ்வளவுதான்: ஒரு கணக்குப்பிள்ளையின் வரவைச் செலவென்றும், செலவை வரவென்றும் மாற்றி எழுதிவிட்டது.

இனி விலக்கலுக்கு வருவோம். கச்சேரி ஆரம்பித்து ஆலாபனை நடக்கும்போது அவர் கடத்தின் நெம்புகோலையும், மிருதங்கத்தின் இரண்டையும் பாதிக்குமேல் இறக்கிவிட்டார். சும்மா இருக்கும் மைக்கு சும்மா இருப்பதில்லை. மின்விசிறியையும், இருமலையும், பாட்டின் நகலையும் கலவையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் இந்த வேண்டாத சப்தம் 3 டெசிபல், அதாவது வலிமையில் இரு மடங்கு, ஏறுகிறது. பலர் பேசும் சபைகளில் இதைத் தானாகவே செய்வதற்கு, பேசுகிற மைக்குக்குப் பங்கைக் கூட்டி மற்றவற்றுக்குக் குறைத்து மொத்தத்தை மாறாமல் வைக்கும் யந்திரத்தை டான் டூகன் என்ற அமெரிக்கர் 1970-களிலேயே செய்துவிட்டார். கச்சேரியில் மட்டும் கைதான் வேண்டும். மிருதங்கக்காரர் கையைத் தூக்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரியுமே ஒழிய யந்திரத்துக்குத் தெரியாது.

ஒன்றை ஒன்று மறைக்கும் தொந்தரவும் இருக்கிறது. உரத்த சப்தம் தனக்கு நெருங்கிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய சப்தத்தைக் காதுக்கு இல்லாததாக்கிவிடும். மேல்நாட்டுத் தோல் வாத்தியங்கள் பலவற்றில் மேல் அதிர்வுகள் தாறுமாறாக விழும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருஞ்சோற்றினால் அவை அடிப்படை ஸ்வரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்காக அமைகின்றன என்பதை சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் எடுத்துக் காட்டினார்கள். ரசிகருக்கு இது ஆனந்தம், ஒலியமைப்பாளருக்கு அவஸ்தை. ஏனென்றால் பாடுபவரின் ஷட்ஜத்துக்குச் சேர்த்த மிருதங்கம் குரலின் மேல் அதிர்வுகள் நிற்கும் அதே படிகளில் வந்து நிற்கிறது. இன்ன அதிர்வெண்ணை மட்டும் வெட்டி இருவரையும் பிரிப்போம் என்றால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும். பிரிப்பதற்கு மிஞ்சிய வழி, பக்கம்: வயலினைச் சற்று இடக்காதுக்கும் மிருதங்கத்தைச் சற்று வலக்காதுக்கும் நகர்த்துவது, அடேர் செய்ததைப் போல.

இவ்வளவும் ஒலிக்கு மட்டும் உரியவை. படம் கூட வரும்போது பழைய வியாஜ்யம் புது ரூபம் எடுக்கிறது. ஆற்றின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணியை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடி முதலில் தெரியும், சப்தம் பிறகு வரும். பிறந்தது முதல் நாம் கண்டது இந்த வரிசையைத்தான். சப்தம் முந்தி, காட்சி பிந்தி வந்ததை எவரும் கண்டதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இந்தப் பழக்கம் எண்ணாகவே பதிந்திருக்கிறது: சப்தம் 125 மில்லிவிநாடி பிந்தினால்தான் பார்ப்பவர் கண்டுபிடிக்கிறார், முந்தினாலோ 45-லேயே கண்டுபிடித்துவிடுகிறார். யந்திர உலகத்தின் வேடிக்கை, அங்கே சப்தந்தான் முந்துகிறது. விநாடிக்கு 25 படச் சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்துக்கு 40 மில்லிவிநாடி. மூன்று காமிராக்களின் படங்களை ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் காட்டும் யந்திரத்தில் படம் இரண்டு மூன்று சட்டம் தங்கிவிட்டுத்தான் புறப்படுகிறது. சப்தத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே மிருதங்கக்காரரின் விரல் தோலில் படுமுன்பே 'தோம்' என்று கேட்கும்.

கச்சேரிக்கு அரை மணி முன்னால் உதவியாளர் ஒரு பையன் மேடையில் ஏறி, பாட்டு மைக்கின் முன்னே நின்று மூன்று முறை கையைத் தட்டினான். சினிமாக்காரர்கள் பலகையைத் தட்டுவதும் இதற்காகவே. உள்ளங்கைகள் சேரும் சட்டத்தையும், சப்த ரேகை செங்குத்தாக எழும் இடத்தையும் திரையில் ஒப்பிட்டு, ஒலியமைப்பாளர் சப்தம் முழுவதையும் மூன்று சட்டம் தாமதப்படுத்தினார். ரசிகர்களை நோக்கிய இரண்டு மைக்குகளுக்கு மட்டும் தாமதத்தைக் குறைத்தே வைத்தார். சபா ஒலிபெருக்கியின் சப்தம் காற்றில் நடந்து அவற்றுக்கு வந்து சேர்வதற்குள் ஏற்கெனவே பிந்திவிடுகிறது. பிந்துவது ஹாஸ் சொன்ன முப்பதைத் தாண்டினால் அது மண்டபத்தின் சுகமாக இராது, தனி எதிரொலியாகிவிடும்.

இந்தக் காலத்தில் சப்தம் கம்பியில் அலையாக ஓடுவதில்லை. விநாடிக்கு 48,000 முறை நிலுவைத் தொகையைக் குறித்துக்கொண்ட எண்களாக ஓடுகிறது. காமிராவிலும் மேஜையிலும் தனித்தனியே ஒரு படிகக் கடிகாரம் இந்த எண்ணிக்கையை நடத்துகிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், மூன்று மணி நேரக் கச்சேரியில் அரை விநாடிக்குமேல் விலகிவிடும். கைதட்டிச் சரிசெய்த பொருத்தம் துக்கடாவுக்குள் காணாமற் போகும். அதனால் ஒரே கடிகாரத்தை எஜமானாக வைத்து, மற்றவை எல்லாம் அதன் தாளத்துக்கு எண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார்கள்.

விலக்கலின் உச்சமான பிரயோகம் ஒன்றை அவரிடம் கேட்டறிந்தேன். தொலைக்காட்சி விவாதங்களில் தொலைதூரத்திலிருந்து ஒருவர் பேசும்போது அவருக்கு அனுப்பும் கலவையில் எல்லோருடைய குரலும் இருக்கும், அவருடைய குரல் மட்டும் இராது. தன் பேச்சே சிறிது பிந்தித் தன் காதில் விழுந்தால், நாவன்மை உள்ளவரும் திக்கிப் போவார் என்பதை பெர்னார்ட் லீ என்பவர் 1950-இலேயே கண்டு எழுதியிருக்கிறார். ஆகவே நால்வர் பேசினால், ஒவ்வொருவரையும் விலக்கிய நான்கு கலவைகள் தனித்தனியே வேண்டும்.

கடைசியில் மங்களம் பாடி முடிந்து, கைதட்டல் எழுந்தபோது அவர் ரசிகர் மைக்குகள் இரண்டையும் மெள்ள ஏற்றி, மற்றவற்றை ஒவ்வொன்றாக இறக்கினார். நான் விடைபெற்று வெளியே வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே தமக்கையைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "எப்படி இருந்தது கச்சேரி?" என்றேன்.

"பேசாமல் இருடா, இன்னும் மங்களமே முடியவில்லை!" என்று சொல்லி வைத்துவிட்டாள். இணையத்தின் வழியே போகும் நேரலை அரை நிமிஷத்துக்கு மேலேயும் பிந்திப் போவது உண்டு. நாற்பது மில்லிவிநாடிக்கு மூன்று மணி நேரம் மல்லாடிய மனிதர் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படமும் பாட்டும் சேர்ந்தே பிந்துகின்றனவே.